தவிட்டுக்குருவிக் கூட்டத்தை ஆண்டு முழுக்கப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சிக்கு வெளியே, வேம்பும் பூவரசும் கொஞ்சம் முள்வேலியும் உள்ள ஒரு தோட்டத்தில், ஒரே தவிட்டுக்குருவிக் கூட்டத்தைச் சில வருஷங்களாகப் பார்த்து வருகிறேன். அதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நண்பர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பருவங்களைத் தமிழ் மாதத்தில்தான் சொல்லியிருக்கிறேன். இந்தக் குருவியின் வாழ்க்கை அப்படித்தான் நடக்கிறது.

எந்தக் குருவியைச் சொல்கிறீர்கள்?

மைனா அளவில், அழுக்குப் பழுப்பு நிறத்தில், எப்போதும் கும்பலாகத் தரையில் தத்தித் தத்திப் போய்ச் சருகைக் கிளறிக்கொண்டே கீச்சுக் கீச்சென்று கத்தும் குருவி. ஊருக்கு ஊர் பேர் மாறும். பூணில் என்றால் சிலருக்குப் புரியும், பறவை நூல்களில் வெண்தலைச் சிலம்பன் என்று இருக்கும். உச்சந்தலை வெளிறி, அலகும் காலும் மஞ்சளாக இருக்கும். கண்தான் விசேஷம்: வெளிறிய நீலம் கலந்த வெள்ளை. அதனாலேயே எப்போதும் கோபமாக முறைப்பது போல ஒரு முகம்.

உலகத்தில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் இது உண்டு. இதோடு குழப்பிக்கொள்ளக் கூடியது காட்டுச் சிலம்பன். அதற்கு இந்த வெளிறிய தலை கிடையாது.

பார்க்க எத்தனையோ அழகான பறவை இருக்க, ஏன் இது?

அழகுக்காகப் பார்ப்பதென்றால் மாங்குயிலைப் பாருங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் மாங்குயில் வந்த பத்தாவது நிமிஷம் போய்விடும். மறுபடி வருவது அதே மாங்குயில்தானா என்று சொல்ல முடியாது. தவிட்டுக்குருவி வலசை போவதில்லை. ஒரு கூட்டம் தனக்கென்று ஒரு வட்டாரத்தை வைத்துக்கொண்டு அதற்குள்ளேயே வருஷம் முழுக்கச் சுற்றும். நேற்றுப் பார்த்த அதே குடும்பத்தை இன்றும் பார்க்கிறோம் என்ற உறுதி வேறு பல பறவைகளிடம் கிடைக்காது. புதுப் பறவைகளைத் தேடி ஊர் ஊராகப் போய்ப் பட்டியல் நீட்டுவது ஒரு சுகம்தான். ஆனால் ஒரு பறவை எப்படி வாழ்கிறது என்று தெரிய வேண்டுமானால், ஒரே குடும்பத்தோடு நான்கு பருவம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

‘ஏழு சகோதரிகள்’ என்கிறார்களே, ஒரு கூட்டத்தில் எப்போதும் ஏழுதான் இருக்குமா?

இல்லை. ஐந்தாறிலிருந்து பத்துப் பன்னிரண்டு வரை இருக்கலாம். தரையில் மேயும்போது எண்ணப் பார்த்தால் பைத்தியம் பிடிக்கும், ஒன்று செடிக்குப் பின்னால் போகும், இன்னொன்று அங்கிருந்து வெளியே வரும். இவை திறந்த இடத்தைக் கடக்கும்போது எண்ணுங்கள். ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கும்பலாகப் பறக்காது. முதலில் ஒன்று தாழப் பறந்து, நாலு தடவை இறக்கையடித்து, அப்புறம் விரித்தபடியே சறுக்கிப் போய் இறங்கும். அது போய்ச் சேர்ந்தபின் அடுத்தது. கடைசி ஒன்று தனியாக மாட்டிக்கொண்டதும் பதறிக் கத்திக்கொண்டே வரும். ஒரு பாதையோ வாய்க்காலோ குறுக்கே இருந்தால் அங்கே நின்றுகொள்ளுங்கள்.

ஆண் எது, பெண் எது? தனித்தனியாக அடையாளம் காண முடியுமா?

ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுதான். தனி ஆளாக அடையாளம் வைக்க, ஒரு வால் இறகு இல்லாதது, ஒரு காலைத் தாங்கி நடப்பது என்று தற்காலிகக் குறி ஏதாவது கிடைத்தால் உண்டு. இறகு மறுபடி முளைத்ததும் அந்தக் குறியும் போய்விடும். இளசுகளை மட்டும் கண்ணை வைத்துச் சொல்லலாம், பெரியவற்றின் வெளிறிய கண் அவற்றுக்கு வந்திருக்காது, கருப்பாகத் தெரியும்.

மார்கழி, தை மாதங்களில் என்ன பார்க்கலாம்?

ஆரம்பிக்க நல்ல மாதங்கள் இவை. காலையில் பனி இறங்கியிருக்கும்போது கூட்டம் இரவு தங்கிய கிளையை விட்டுச் சட்டென்று கிளம்பாது. எல்லாம் ஒரே கிளையில் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக உட்கார்ந்திருக்கும். நடுவில் இருப்பதற்குத்தான் சூடு. அதனால் ஓரத்தில் இருப்பது எழுந்து, மற்றவற்றின் முதுகு மேலேயே ஏறி நடுவில் திணித்துக்கொள்ளும். இப்போது வேறொன்று ஓரமாகும். அது கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அதே வேலையைச் செய்யும்.

வெயில் ஏறியதும் ஒன்றுக்கொன்று இறகு கோதுவது தொடங்கும். ஒன்று தலையைக் குனிந்து பின்கழுத்தைக் காட்டும். பக்கத்தில் உள்ளது அலகு நுனியால் ஒவ்வோர் இறகாக எடுத்து, அடியிலிருந்து நுனி வரை மெல்லக் கவ்விக்கொண்டே வரும். குனிந்திருப்பதன் கண் பாதி மூடியிருக்கும். தன் அலகு எட்டாத தலையிலும் கழுத்திலும்தான் பிறத்தியார் உதவி தேவை என்பது ஒரு காரணம். உறவு அறுந்து போகாமல் இருக்க என்பது இன்னொன்று. முதல் காரணத்துக்கு மட்டும் என்றால் இவ்வளவு நேரம் ஆகாது என்று பார்த்த எவருக்கும் தோன்றும்.

எப்போதும் ஒன்று மட்டும் மேலே உட்கார்ந்திருக்கிறதே, அதுதான் தலைவனா?

அது காவல். கூட்டம் தலையைக் குனிந்து சருகைப் புரட்டும்போது ஒன்று கிளை மேலோ வேலிக்கல் மேலோ ஏறிச் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருக்கும். வல்லூறு தெரிந்தால் ஒரு கூர்மையான சத்தம், அவ்வளவுதான், தரையில் ஒன்றும் இருக்காது. எல்லாம் முள்ளுக்குள் பாய்ந்திருக்கும். பாம்போ பூனையோ என்றால் கதையே வேறு: ஒளியாது, எல்லாம் ஒன்றுகூடி அதைச் சுற்றி நின்று கத்தித் தீர்க்கும். அணிலும் சேர்ந்துகொள்ளும். எங்கள் தோட்டத்தில் சாரைப்பாம்பு எங்கே போகிறது என்பதை நான் கண்ணால் அல்ல, காதால்தான் தெரிந்துகொள்கிறேன்.

காவல் ஏன் என்பதில் ஒரு சுவையான வாக்குவாதம் உண்டு. இதன் சொந்தக்கார இனமான அரேபியச் சிலம்பனை இஸ்ரேலின் பாலைவனத்தில் 1970-களிலிருந்து பார்த்து வந்த அமோட்ஸ் ஸகாவி, காவல் நிற்பது தியாகம் அல்ல, கௌரவம் என்றார். நான் வலுவானவன், எனக்குப் பசியில்லை என்று மற்றவற்றுக்குக் காட்டிக்கொள்ள அவை போட்டி போட்டுக்கொண்டு ஏறுகின்றனவாம். அதே இனத்தில் பின்னால் செய்த ஆய்வுகள், விஷயம் அதைவிட எளிது என்றன: வயிறு நிறைந்த பறவைக்கு மேய்வதைவிட உயரத்தில் உட்கார்ந்து பார்ப்பது தனக்கே பாதுகாப்பு, அதனால் ஏறுகிறது. இங்கேயும் ஒரு பெரிய புழு கிடைத்து விழுங்கியதும் ஏறுவதைப் பார்க்கலாம். எனக்கு இரண்டாவது விளக்கம்தான் பிடித்திருக்கிறது. ஸகாவியின் விளக்கத்தில் கதை அதிகம்.

மாசி, பங்குனியில்?

வேம்பு இலை கொட்டும் காலம். சருகு கணுக்கால் ஆழம் கிடக்கும். இப்போது மேய்ச்சலைக் கிட்டத்தில் பாருங்கள். கோழி காலால் சீய்க்கும், இது காலைத் தொடவே தொடாது. அலகைச் சருகுக்கு அடியில் விட்டு, கழுத்தை ஒரு வெட்டு வெட்டி இலையைப் பக்கத்தில் எறியும். உடனே ஒரு கண்ணைச் சாய்த்து அடியில் பார்க்கும். வண்டு, கரையான், சிலந்தி, கம்பளிப்புழு என்று எது கிடைத்தாலும் சரி, சமயத்தில் ஓணான் குட்டிகூட. பூவில் தேனும் உறிஞ்சும், எச்சில் சோற்றையும் விடாது.

கூட்டத்துக்கு மேலே கரிச்சான் ஒன்று உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். கீழே இவை கிளப்பிவிடும் பூச்சியை அது பறந்து பிடிக்கும், உழைப்பு ஒருவருக்கு, வரவு இன்னொருவருக்கு. வால்காக்கையும் இப்படிக் கூடவே வரும். ஆனால் முட்டைக் காலத்தில் அதன் வருகையை இவை ரசிப்பதில்லை.

கூடு எப்போது கட்டும்? கூட்டைத் தேடிப் போகலாமா?

ஏறக்குறைய எந்த மாதத்திலும் ஒரு கூடு கிடைக்கலாம். ஆனால் தென்மேற்குப் பருவமழைக்கு முந்தைய மாதங்களில்தான் அதிகம். அதாவது பங்குனி, சித்திரை, வைகாசி. புதர் அல்லது சிறு மரத்தின் கவட்டையில் வேரும் புல்லும் வைத்துச் சின்னக் கிண்ணம் போலக் கட்டும். முட்டை பெரும்பாலும் நான்கு வரை, மயில்துத்தம் போன்ற பளிச்சென்ற நீலம். இந்த மங்கல் குருவிக்கு இப்படியொரு முட்டையா என்று வியக்காதவர்கள் குறைவு. 14 முதல் 16 நாளில் பொரியும்.

தேடிப் போகாதீர்கள். நீங்கள் விலக்கிப் பார்த்த கிளை விலகியே நிற்கும். காக்கையும் செம்போத்தும் மனுஷன் எங்கே குனிகிறான் என்று பார்த்துக்கொண்டிருக்கும். எட்ட உட்கார்ந்தால் போதும், வாயில் புழுவோடு ஒரே புதருக்குள் மாறி மாறிப் போய்வருவதிலிருந்தே எல்லாம் தெரிந்துவிடும். எண்ணிப் பாருங்கள்: இரண்டு பறவை அல்ல, மூன்று, நான்கு, சில நேரம் அதற்கு மேலும் வந்து ஊட்டும். முந்தைய ஈட்டுக் குஞ்சுகள் சில வெளியேறி வேறு கூட்டத்தைத் தேடும். சில இங்கேயே தங்கித் தம்பி தங்கைகளுக்கு இரை கொண்டுவரும். கூட்டுக்குடும்பம் என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

இன்னொன்று: காட்டுப் பறவையைப் பிடிப்பதும் முட்டையை எடுப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். "குழந்தைகளுக்குக் காட்டலாம்னு எடுத்தேன்" என்பதெல்லாம் செல்லாது.

கூட்டத்தில் ஒரு குஞ்சு மட்டும் வேறு மாதிரி இருக்கிறது, கருப்பு வெள்ளையாக. அது என்ன?

சுடலைக்குயில் குஞ்சாக இருக்கும். தவிட்டுக்குருவியைப் பார்க்கிறவர்களுக்கு என்றாவது ஒருநாள் இந்த விருந்தாளி வாய்க்கும். தாய்க் குயிலுக்குக் கருப்பு முதுகு, வெள்ளை வயிறு, தலையில் நிமிர்ந்த கொண்டை. பறக்கும்போது இறக்கையில் ஒரு வெள்ளைப் பட்டை தெரியும். அதிகாலையில் வந்து, கூட்டின் விளிம்பில் நின்றபடியே அவசரமாக முட்டையை உள்ளே போட்டுவிட்டுப் போய்விடும். அந்த வேகத்தில் வீட்டுக்காரர்களின் முட்டை விரிசல் விடுவதும் உண்டு. இதன் முட்டையும் நீலம்தான். ஒரே கூட்டில் ஒன்றுக்கு மேல் போடுவதும் நடக்கும்.

சுடலைக்குயில் குஞ்சு மற்ற குஞ்சுகளை வெளியே தள்ளுவதில்லை. ஆனால் இரைக்கு அது போடும் கூச்சலில் மற்றவை பின்தங்கிப் போகும். சில பிழைக்கும், சில பிழைக்காது. கூட்டை விட்டு இறங்கிய பின்னும் அது கிளை கிளையாகப் பின்னாலேயே போய்க் கத்தும், கூட்டம் மொத்தமும் அதற்கு ஊட்டும். செந்நாய் ஆய்வுக்குப் பேர்போன ஏ. ஜே. டி. ஜான்சிங், சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று சுடலைக்குயில் குஞ்சைக் கூடி வளர்த்ததை, பரமானந்தம் என்பவரோடு சேர்ந்து 1982-இல் ‘ஐபிஸ்’ என்ற பறவையியல் ஆய்விதழில் எழுதினார். பறவையைக் கவனித்துப் பார்க்கப் பெரிய காடு எதுவும் தேவையில்லை என்பதற்கு இதைத்தான் நான் சொல்வது வழக்கம்.

அக்காக்குயிலும் இவற்றின் கூட்டில் முட்டையிடும். அதைப் பார்த்தால் அச்சு அசல் வல்லூறுதான். குருவிகள் பதறி ஒதுங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஏமாற்றுவதற்கு அந்த உருவம் உதவாமல் இருக்காது.

குயில் குஞ்சை எடுத்துப் போட்டுவிடலாமா? பாவமாக இருக்கிறது.

வேண்டாம். அதுவும் இந்த மண்ணின் பறவைதான். நமக்கு இதில் பஞ்சாயத்துப் பண்ணும் வேலை இல்லை.

குஞ்சு ஒன்று தரையில் கிடக்கிறது. வீட்டுக்குள் எடுத்து வரலாமா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். முதலில் பாருங்கள்: உடம்பெங்கும் இறகு முளைத்து, வால் குட்டையாக, தத்தித் தத்தி ஓடுகிறதா? அப்படியானால் அது விழுந்த குஞ்சு அல்ல, இறங்கிய குஞ்சு. தவிட்டுக்குருவிக் குஞ்சுகள் சரியாகப் பறக்கத் தெரிவதற்கு முன்பே கூட்டை விட்டு இறங்கிவிடும். கிட்டத்தில் நின்று கத்தும் பெரியவை அதன் குடும்பம். பூனையோ நாயோ இருந்தால் அதை விரட்டுங்கள், குஞ்சைப் பக்கத்துப் புதரின் கீழ்க்கிளையில் ஏற்றி வையுங்கள், நகர்ந்துவிடுங்கள். கை பட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை.

இறகே இல்லாத பிஞ்சு என்றால், கூடு தெரிந்தால் திரும்ப வையுங்கள். தெரியாவிட்டால், அல்லது காயம் பட்டிருந்தால், அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்துக்கோ பறவை மீட்பாளருக்கோ சொல்லுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். பாலும் சோறும் வேண்டவே வேண்டாம்.

கத்திரி வெயிலில் எங்கே காணாமல் போகின்றன?

எங்கும் போவதில்லை. பத்து மணிக்குள் மேய்ச்சலை முடித்துவிட்டு அடர்ந்த நிழலில் அலகைத் திறந்து வைத்து மூச்சுவாங்கிக்கொண்டு இருக்கும். உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் வாய் வழியாகத்தான் வெளியேற்றும், பறவைக்கு வேர்வை கிடையாது. சாயங்காலம் நாலரைக்கு மேல் மறுபடி இறங்கும்.

தண்ணீர் வைக்க ஏற்ற சமயம் இது. அகலமான மண் தட்டு, ஆழம் இரண்டு விரற்கடைக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு கல், பக்கத்தில் தப்பி ஓட ஒரு செடி. தினமும் கொட்டிக் கழுவுங்கள், இல்லையென்றால் கொசு வளர்த்ததாகிவிடும். குளிக்க வரும்போது வரிசை எல்லாம் கிடையாது, நாலைந்து ஒன்றாக உள்ளே இறங்கித் தட்டில் தண்ணீரே இல்லாமல் செய்துவிடும்.

ஆடியில் கூட்டம் அலங்கோலமாக இருக்கிறதே, நோயா?

பெரும்பாலும் இல்லை. குஞ்சு வளர்த்து முடிந்தபின் பழைய இறகை உதிர்த்துப் புதிதாக முளைக்கவிடும் நேரம். வால் அரைகுறையாக, கழுத்துச் சொட்டையாகத் தெரியும். ஒன்று மட்டும் கூட்டத்தை விட்டுத் தனியே, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கிட்டே போனாலும் நகராமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பார்க்க ஏதாவது உண்டா?

மழை பெய்யும்போது ஒன்றும் இல்லை, நீங்களும் உள்ளேயே இருங்கள். விட்டதும் வாருங்கள், முக்கியமாக ஈசல் கிளம்பும் நாளில். புற்றின் வாயில் ஈசல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெளியே வரும்போது, கூட்டம் வாசலைச் சுற்றி நின்றுகொண்டு ஒவ்வொன்றாகக் கொத்தும். இறக்கைகள் ஈர மண்ணில் ஒட்டிக் கிடக்கும். தப்பிப் பறந்ததை மேலே கரிச்சான் பார்த்துக்கொள்ளும். அன்றைக்கு மட்டும் தவிட்டுக்குருவிகள் சத்தம் போடுவதில்லை, வாய் ஒழியாது.

அடிக்கடி ஒன்றையொன்று கொன்றுவிடுவது போலச் சண்டை போடுகின்றனவே?

குடும்பத்துக்குள் அப்படிச் சண்டை அரிது. அது பக்கத்துக் கூட்டத்தோடு எல்லைத் தகராறு. இரண்டு பக்கமும் வரிசை கட்டி நின்று கத்தும். சில சமயம் இரண்டு மட்டும் காலால் பின்னிக்கொண்டு மண்ணில் உருளும், மற்றவை சுற்றி நின்று கூச்சல். எந்த இடத்தில் நடக்கிறது என்று குறித்து வையுங்கள். சில மாதத்தில் கூட்டத்தின் எல்லை எது என்று உங்களுக்கே வரைபடம் கிடைத்துவிடும். ஜன்னல் கண்ணாடியையும் பைக் கண்ணாடியையும் கொத்துவதும் இதே கோபம்தான், உள்ளே தெரியும் அந்நியனை விரட்டுகிறது. ஒரு துணியைப் போட்டு மூடுங்கள், சரியாகிவிடும்.

இவை தோட்டத்தை விட்டுப் போகாமல் இருக்க என்ன செய்யலாம்?

பெருக்காதீர்கள். முழுத் தோட்டத்தையும் அப்படி விடச் சொல்லவில்லை, ஒரு மூலை போதும். வாசலைப் பளிச்சென்று வைப்பது நம் வழக்கம், அது இருக்கட்டும். கொல்லைப்புறச் சருகைக் கூட்டிக் கொளுத்துவதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். சருகு இல்லையேல் பூச்சி இல்லை, பூச்சி இல்லையேல் இந்தக் குடும்பம் வேறு தெருவுக்குப் போய்விடும். கரையானுக்கென்று மண்ணில் மருந்து ஊற்றினாலும் அதே கதைதான். அப்புறம் ஒரு முள்வேலியோ காகிதப்பூப் புதரோ இருக்கட்டும், ஒளிய இடம் வேண்டும். தீனி போட்டுப் பழக்க வேண்டிய தேவையே இல்லை. வளர்ப்புப் பூனை உண்டென்றால் விடிகாலையிலும் அந்தியிலும் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

பைனாகுலர் வாங்க வேண்டுமா? குறிப்பு எப்படி எழுதுவது?

இந்தக் குருவிக்குத் தேவையில்லை, அசையாமல் உட்கார்ந்தால் பத்தடி வரை அதுவே வரும். வாங்குவதென்றால் எட்டு மடங்கு பெரிதாக்குவது போதும். போனில் பதிவு செய்த குரலைப் போட்டு வரவழைக்காதீர்கள். எதிரிக் கூட்டம் வந்துவிட்டது என்று மேய்ச்சலை விட்டு ஓடிவரும், கூட்டில் முட்டை இருந்தால் அதையும் விட்டு வரும்.

குறிப்புக்கு ஒரு பள்ளி நோட்டு போதும்: தேதி, நேரம், எத்தனை, இளசு உண்டா, எந்த மரம், என்ன செய்தது. எண்ணிக்கையை ‘ஈபேர்ட்’ என்ற பறவைப் பதிவு இணையதளத்திலும் பதிந்தால் மற்றவர்களுக்கும் உதவும். பொங்கல் விடுமுறையில், 2015 முதல், தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இருக்கிறது. குறைந்தது 15 நிமிஷம் ஓரிடத்தில் பார்த்துப் பட்டியல் போட்டால் போதும், மொட்டை மாடியிலிருந்தே செய்யலாம்.

நான் யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன். இங்கே உள்ளதற்குத் தலை வெளுப்பாக இல்லையே?

இலங்கையில் இருப்பது இதே இனத்தின் வேறொரு துணையினம். சாம்பல் ஓடிய மங்கல் நிறம், அந்த வெளிறிய தலை இருக்காது. பழக்கவழக்கம் எல்லாம் ஒன்றுதான். மாதக் கணக்கை மட்டும் உங்கள் ஊர் மழையை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுக்குமாடியில் இருக்கிறேன், தோட்டம் இல்லை. எனக்கு வழி உண்டா?

உண்டு. பக்கத்துப் பூங்கா, கல்லூரி வளாகம், பழைய அரசாங்கக் குடியிருப்பு, கல்லறைத் தோட்டம், இவற்றில் ஏதாவது ஒன்று. உள்ளே போய்ப் பறவையைத் தேடாதீர்கள், பெருக்குகிற அம்மாவிடம் சருகை எங்கே குவிக்கிறார்கள் என்று கேளுங்கள். காலை ஆறரைக்கு அந்தக் குவியலுக்கு இருபது அடி தள்ளி உட்காருங்கள்.